பி.ஏ. படிக்கும்போதே வெளிநாட்டு அனுபவம்: நகையை அடகு வைப்பதற்கு முன்

வாசகி கேள்வி: காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன். அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். "15 நாள் ஐரோப்பிய இன்டர்ன்ஷிப், சான்றிதழுடன்" என்று ஒரு ஏஜென்சி 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. வெளிநாட்டு அனுபவம் இருந்தால்தான் மேற்படிப்புக்கு அங்கே இடம் கிடைக்கும் என்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாம் என்று அம்மா சொல்கிறார். சித்தப்பா குடும்பம் பினாங்கில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆலோசனை:

நகை வீட்டிலேயே இருக்கட்டும். அந்த ஏஜென்சியிடம் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகமா, கம்பெனியா? மொத்த வகுப்பு எத்தனை மணி நேரம்? அதற்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் படிப்பு அளவு, உண்டா? எந்த வகை விசா? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும்? வாயால் நிறைய சொல்வார்கள், எழுத்தில் வருவதை மட்டும் கணக்கில் எடுங்கள். இந்த ஐந்துக்கும் நேரான பதில் வராவிட்டால் நீங்கள் வாங்கப்போவது ஒரு சுற்றுலா. சுற்றுலா விசாவில் போய் வேலைப் பயிற்சி செய்வதாகச் சொன்னால், குடியேற்ற அதிகாரி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஏஜென்சிக்காரர் அங்கே வரமாட்டார்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை நாடு பார்த்தீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறிய வெளிநாட்டுப் படிப்பு, நீங்களே செய்த ஒரு வேலை, உங்கள் வேலையைப் படித்துப் பார்த்து அதைப் பற்றிப் பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய ஓர் ஆசிரியர். இந்த மூன்றில் ஒன்றாவது கைக்கு வருமா என்ற கேள்வியை ஒவ்வொரு வாய்ப்பின் முன்னாலும் வையுங்கள். 15 நாள் பஸ் பயணத்தில் மூன்றுமே கிடைக்காது.

இனி நாள்காட்டிக்கு வருவோம். கலைக் கல்லூரி மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நம் மூன்றாண்டுப் படிப்பில் வெளிநாடு போக வசதியான இடைவெளி நான்காம் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு, மே மாதமும் ஜூன் முதல் பாதியும். ஐரோப்பாவின் கோடைப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை நடக்கின்றன. அதற்குள் உங்கள் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிவிடும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை வேண்டும் என்று வைத்தால் 22 நாள்தான் விடுபடலாம். 3 வாரக் கோடைப் பள்ளிக்கு 15 கல்லூரி நாள் போகும். விசாவுக்குச் சென்னை போய்வருவதும் பயண நாட்களும் சேர்ந்தால் 18, 19 ஆகிவிடும். அதன் பிறகு அந்த செமஸ்டரில் ஒரு காய்ச்சல் வந்தால்கூடத் தாங்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே துறைத் தலைவர் வழியாக முதல்வரிடம் ஓ.டி. (ஆன் டியூட்டி, வராத நாளை வந்ததாகக் கணக்கிடுவது) அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அந்த நாட்களில் வரும் உள்மதிப்பீட்டுத் தேர்வைத் திரும்ப எழுத அனுமதி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். "போயிட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்று ஒரு பேராசிரியர் அன்பாகச் சொல்வதை நம்பிப் போனால், அவர் மாறுதலாகிப் போன பிறகு அந்தச் சொல்லுக்கு யாரும் பொறுப்பில்லை.

முழு செமஸ்டர் பரிமாற்றம் என்றால் கேள்வி இன்னும் கடினம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இருக்கலாம், இணையதளத்தில் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளுக்கு மட்டுமா, இணைவு பெற்ற கல்லூரிகளுக்கும் சேர்த்தா? மாணவர் பரிமாற்றம் அதில் உண்டா, ஆசிரியர் வருகையும் கூட்டுக் கருத்தரங்கும் மட்டும்தானா? எந்தத் துறைகளுக்கு, எந்த ஆண்டு வரை? பன்னாட்டு உறவு அலுவலகத்துக்கு இந்த நான்கையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பல ஒப்பந்தங்கள் அறிவியல் ஆய்வுக்கென்றே எழுதப்பட்டவை. வரலாற்று மாணவிக்கு அதில் இடமில்லை என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது பெரிய லாபம்.

பரிமாற்றம் உண்டு என்று பதில் வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி அமைகிறதா என்று கேளுங்கள். அதில் 2 முதல் 12 மாதம் வரை அங்கே படிக்கலாம், அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மாதச் செலவுக்கும் பயணத்துக்கும் பணம் தருவார்கள். தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே அதற்கான உடன்படிக்கை இருந்தாக வேண்டும். பிரெஞ்சுத் தூதரகத்தின் "சார்பாக்" (Charpak) என்ற உதவித்தொகையிலும் பரிமாற்ற மாணவர்களுக்கென ஒரு பிரிவு உண்டு. எந்த வழியானாலும் கிளம்புமுன் கற்றல் உடன்படிக்கை என்ற தாளில் மூன்று கையெழுத்து வேண்டும்: நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று என்பது வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கல்லூரிகளில் பொதுவாக 15 மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். அளவுகோல் வேறு என்பதால் மாற்று விகிதத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்தான் சொல்ல வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் போனவர்கள் திரும்பி வந்து, அங்கே தேறிய பாடங்களுக்கு இங்கே அரியர் எழுதுகிறார்கள். இதை விடக் கசப்பான செலவு வேறில்லை.

தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஸ்கவுட் என்ற பிரிவு இருக்கிறது. 2024இல் அதன் வழியே மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தார்கள். எந்தத் துறைக்கு அழைப்பு வருகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். கல்லூரியின் நான் முதல்வன் ஒருங்கிணைப்பாளரிடம் உங்கள் பெயரைச் சொல்லிவையுங்கள், அறிவிப்பு வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் அமைந்தால் நல்லது, அமையாமலும் போகலாம். உங்கள் கையிலேயே இருக்கும் வழிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் இருக்கும் ஊர் சாதாரண ஊர் அல்ல. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன நகரத்தார் (செட்டியார்கள்) பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கடை வைத்த கதை இங்கே பெட்டகத்துப் பேரேடுகளிலும் முகப்புத் தூண்களிலும் இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களுக்காகவும் துண்டறிக்கைகளுக்காகவும் சிகாகோ பல்கலைக்கழகம் தேடி வந்தது. அந்தச் சேகரிப்பை வைத்து 1994இல் உருவான நூலகம்தான் இன்று சென்னை தரமணியில் இருக்கிறது. செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உலகம் இந்த மண்ணைப் படிக்க வந்துகொண்டிருக்கும்போது, இங்கேயே பிறந்து, தமிழ் வாசிக்கத் தெரிந்து, டைல்ஸ் பட்டறைக்குள் வளர்ந்த வரலாற்று மாணவி வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய வேலை இது. பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ திரும்பி வந்த குடும்பங்களில் 8 பேரைத் தேர்ந்தெடுங்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது ரங்கூனை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள், 1960களில் பர்மாவில் கடைகள் அரசுடைமையான பின் வந்தவர்கள், இன்று 70, 80 வயதில் இருக்கிறார்கள். முதலாளிகளை மட்டும் தேடாதீர்கள். அடுத்தாள் (கடையில் முதலாளியின் ஆளுக்கு அடுத்த நிலை உதவியாளர்), கணக்குப்பிள்ளை, சமையல்காரர் வீடுகளுக்கும் போங்கள், அவர்கள் சொன்னது மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். போன் போதும், ஆனால் வாட்ஸ்ஆப் குரல் பதிவு வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்யும் செயலி ஒன்றை நிறுவி, போனை ஃபிளைட் மோடில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்கார்ந்து பேசினால் எதிரொலி வரும், பாய் விரித்த சின்ன அறை நல்லது.

பேசத் தொடங்குமுன் ஒரு பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள்: பதிவை யார் கேட்கலாம், பெயரைச் சொல்லலாமா, எந்தப் பகுதியை மூடி வைக்க வேண்டும். சொத்துத் தகராறு பேச்சில் வந்தால் அந்தப் பகுதியை அவர் முன்னாலேயே நிறுத்திக் கேளுங்கள். இந்தப் படிவம் இல்லாத பதிவை எந்த வெளிநாட்டு ஆவணக் காப்பகமும் தொடாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 5, 6 மணி நேரம் ஆகும். 8 பேட்டிக்கு 50 மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வாரம் 4 மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் முடியும். ஒவ்வொரு பேட்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள். எப்படிக் கேள்வி கேட்பது என்று பழக, சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை இணையத்தில் கேளுங்கள். அவர்கள் 1979 முதல் இதைச் செய்கிறார்கள், தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. பேசுபவர் மௌனமாகும்போது கேட்பவர் குறுக்கிடாமல் காத்திருப்பதைக் கவனியுங்கள். அது பழகுவதற்கு நாளாகும்.

கையில் நான்கு பேட்டி சேர்ந்ததும் கடிதம் எழுதத் தொடங்கலாம். ஹைடல்பெர்க், ஹாம்பர்க், பாரிஸின் இனால்கோ, சிகாகோ, கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் தமிழ் சொல்லித்தருகிறார்கள் அல்லது தமிழை வைத்து ஆராய்கிறார்கள். 30 பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் 30 பேரும் அழித்துவிடுவார்கள். 4 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, 150 சொல்லில் எழுதுங்கள்: நீங்கள் யார், என்ன பதிவு செய்திருக்கிறீர்கள், அவருடைய கட்டுரையின் எந்த இடத்தோடு அது சேர்கிறது, அவரிடம் கேட்க விரும்பும் ஒரே ஒரு கேள்வி. பெரிய கோப்பை இணைக்காமல் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் வையுங்கள். முதல் மின்னஞ்சலிலேயே உதவித்தொகை கேட்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் பதில் எழுதி, அவருடைய மாணவர்களோடு இணையத்தில் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டால், உங்கள் வெளிநாட்டு அனுபவம் தொடங்கிவிட்டது. இதுபோல இரு நாட்டு வகுப்புகள் இணையம் வழியே சேர்ந்து ஒரு வேலையைச் செய்வதை உங்கள் துறையே பாடமாக ஏற்பாடு செய்யலாம். பேராசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், செலவு இணைய இணைப்பு மட்டும்தான்.

பக்கத்திலேயே இரண்டு கதவுகள் இருக்கின்றன. மதுரையில் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் மையம் வைத்திருக்கிறது. அவர்களோடு பேசிப் பழக உள்ளூர் மாணவர்கள் தேவைப்படுகிறார்களா என்று கேளுங்கள். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள், மே விடுமுறைப் பயிற்சிக்கு ஜனவரியிலேயே எழுதிக் கேட்கலாம். கடல் தாண்டாமல் பன்னாட்டுச் சூழலில் ஒரு மாதம் வேலை செய்தால், பரிந்துரைக் கடிதத்துக்கு அந்த மாதம் போதும்.

பாஸ்போர்ட்டை எதற்கும் காத்திராமல் இப்போதே எடுங்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை அலுவலகம். செட்டிநாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குத் திருச்சி. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். இங்கே இனிஷியல் விஷயத்தில் கவனமாக இருங்கள். மதிப்பெண் பட்டியலில் "மெ. வள்ளியம்மை" என்று இருந்தால், பாஸ்போர்ட்டில் அந்த "மெ." விரிந்து முழுப் பெயராக வர வேண்டும். தந்தை பெயரைச் சர்நேம் கட்டத்தில் போடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் ஆகிவிடும். 2022 நவம்பர் முதல் அமீரகம் ஒற்றைப் பெயருக்கு வருகை விசா தருவதில்லை, அமெரிக்க விசாவில் அது வேறு சிக்கலாக வரும். ஆதாரில் பெயரின் ஸ்பெல்லிங் எப்படி இருக்கிறதோ அப்படியே பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலோடு வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்குக் கோடைப் பள்ளியோ கருத்தரங்கோ அமைந்தால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா வேண்டும். வயது வந்தோருக்கு 90 யூரோ கட்டணம். படிப்பு அல்லது கல்விப் பயிற்சிக்காகப் போகும் மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் விலக்கு, விசா மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். இதை ஏஜென்சிகள் சொல்வதில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன் கடைசி. ஆனால் கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, மார்ச்சிலேயே முயலுங்கள். மறுப்புக்கு அடிக்கடி காரணமாவது வங்கிக் கணக்கு: விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் யாரோ போட்ட 3 லட்சம் ஐயத்தைத்தான் கிளப்பும். அப்பாவின் கணக்கில் ஆறு மாதம் ஒழுங்காக வந்துபோன சிறு தொகை அதைவிட மேல். கல்லூரியின் தடையில்லாச் சான்றில் எந்தத் தேதிக்குள் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு அந்த வரி நல்ல ஆதாரம்.

மேற்படிப்பு பற்றி ஒரே ஒரு குறிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டஸ் என்ற கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கு இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை காலம். உதவித்தொகைக்குத் தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லாமல் மாதம் 1,400 யூரோ கிடைக்கும். அதற்கு உங்கள் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே பேட்டிகளும் பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை இப்போது எழுத வேண்டாம், அடுத்த ஆகஸ்ட் போதும்.

பினாங்கு சித்தப்பா வீட்டுக்கு வருவோம். நகையை வைக்காமல் போகக்கூடிய வெளிநாடு அது, அதை வெறும் விருந்தாக்கிவிடாதீர்கள். மே மாதம் 10 நாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு, அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், பிறகு ஃபெரி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை, 2026 இறுதி வரை இந்தச் சலுகை உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். குறைந்த கட்டண விமானத்தில் பெட்டிக்குத் தனிக் காசு, டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்தால் மலிவு. இந்த அனுமதி உறவினரைப் பார்க்கவும் ஊர் சுற்றவும்தான். படிக்கவோ வேலை செய்யவோ முறையான ஆய்வு நடத்தவோ தனி அனுமதி வேண்டும், 10 நாளில் அதற்கு இறங்க வேண்டாம்.

ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரியக் களம். பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடை நடத்திய கட்டடங்கள்) இருந்த வரிசையை நடந்து பாருங்கள். பழைய கடைவீடுகளின் நடைபாதையில் பூவேலை செய்த சிமென்ட் தளங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள், தெருப் பெயரையும் கதவு எண்ணையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். இரவில் எழுதலாம் என்று விட்டால் மறுநாள் எந்தப் படம் எந்தத் தெரு என்று தெரியாது. 40 படம் போதும். சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் பழைய படங்களின் பின்பக்க எழுத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்த 40 படங்களையும் அப்பா முன்னால் பரப்புங்கள். எது கண்ணாடிப் பலகை மேல் ஊற்றி எடுத்த தளம், எது எந்திரத்தில் அழுத்தியது, எந்தச் சாயம் வெளுத்திருக்கிறது, எந்தப் பூவை ஆத்தங்குடியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் சொல்லட்டும். பதிவை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். அதுவே உங்கள் ஒன்பதாவது பேட்டி. ஒப்புதல் படிவத்தில் அப்பாவிடமும் கையெழுத்து வாங்குங்கள்.